பெங்களூரு கோர்ட்டுகளில் ஜூனியரா? பயிற்சி முகாமுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சிட்டி சிவில் கோர்ட் வளாக கேன்டீனில் சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி என்னிடம் வந்து உட்கார்ந்தார். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். வக்கீலாகப் பதிவு (என்ரோல்) ஆகி ஒன்றரை வருடம். கைப்பேசியில் மூன்று விளம்பரங்களைக் காட்டினார். மூன்றுமே இளம் வக்கீல்களுக்கான தங்கும் பயிற்சி முகாம். "அக்கா, சீனியர்கிட்ட லீவு கேக்கணும், காசும் சேக்கணும். ஒண்ணுக்குத்தான் போக முடியும். எதுக்குப் போறது?"

அவருக்கு அரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நான் இங்கே டிரயல் கோர்ட்டுகளில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இப்படிப்பட்ட முகாம்களுக்கு முதலில் கற்றுக்கொள்ளப் போனேன், இப்போது கற்றுக்கொடுக்கவும் போகிறேன். உங்களை எழுந்து நின்று பேச வைக்காத முகாமுக்குப் போகாதீர்கள். நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி இதுதான்.

இது எதற்கு?

சட்டப் படிப்பு முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும், மறுநாளே ஒரு மனிதனின் வீட்டையோ விடுதலையையோ கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டில் நிற்கலாம். அந்தத் தேர்வுக்கு 2010இல் விதி வந்தது, முதல் தேர்வு 2011இல் நடந்தது. அது செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரியில் சொன்னது. ஆனால் அது சட்டப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் தேர்வு. சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதை அது தொடுவதே இல்லை. பதிவுக்கு முன் ஒரு வருடப் பயிற்சி கட்டாயம் என்று பார் கவுன்சில் 1995இல் விதி போட்டது. அப்படி விதி போட அட்வகேட்ஸ் சட்டத்தில் இடமில்லை என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆக ஒரு மூத்தவரிடம் ஒரு வருடம் பயின்றே தீரவேண்டும். இங்கே நல்ல சீனியர் அமைந்தால் உண்டு, இல்லாவிட்டால் நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

இதை ஆழமாக உணர்ந்தவர் பேராசிரியர் மாதவ மேனன். பெங்களூரு நாகரபாவியில் தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கிய அவரே, பிற்காலத்தில் கேரளத்தில் இளம் வக்கீல்களின் வாதத் திறமைக்கென்று தனியாக ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். கல்லூரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு அப்பால் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

தேர்ந்தெடுப்பது

விளம்பரத்தில் யார் படம் பெரிதாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்த முகாம் வேண்டாம். தந்தால் பென்சிலை எடுத்து, நீங்கள் பேசப்போகும் நேரத்தையும் கேட்கப்போகும் நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஒரு பயிற்சியாளருக்கு ஆறு முதல் எட்டுப் பேர் என்றால் ஒவ்வொருவரும் ஒரே பயிற்சியை இரண்டு முறை செய்ய நேரம் கிடைக்கும். அறுபது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்திருந்தால் அது சொற்பொழிவு. சொற்பொழிவு கேட்க நந்தி மலை அடிவாரம் வரை போக வேண்டியதில்லை.

அட்டவணையில் இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அது நம் கோர்ட்டுக்கான பாடமா என்பது. வெளிநாட்டுப் பாடத்தை அப்படியே எடுத்து வைத்து, ஜூரியின் முன் தொடக்க உரை ஆற்றுவது எப்படி என்று அரை நாளை ஓட்டுகிறவர்கள் உண்டு. நம்மிடம் ஜூரி கிடையாது. சிவில் வழக்கில் முதல் விசாரணையே (நம் தரப்புச் சாட்சியை நாமே விசாரிப்பது) 2002 முதல் பிரமாணப் பத்திரமாகத்தான் தாக்கல் ஆகிறது. ஆக, அந்தப் பத்திரத்தை எழுதுவதும் அதன் மேல் குறுக்கு விசாரணை செய்வதும்தான் நமக்கு வேண்டியவை.

இரண்டாவது, பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் சொல்லித் தருகிறார்களா என்பது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அன்றைக்கே விசாரணையில் இருந்த வழக்குகள் பழைய சாட்சியச் சட்டப்படியே நடக்கின்றன. சாட்சி முன்பு எழுதிக் கொடுத்ததைக் காட்டி முரண்பாட்டை நிரூபிக்கும் பிரிவு பழையதில் 145, புதியதில் 148. வாட்ஸ்அப் உரையாடலை மார்க் பண்ண, அதாவது சான்று ஆவணமாகப் பதிய வேண்டுமானால் பழைய 65பி சான்றிதழுக்குப் பதில் புதிய 63ஆம் பிரிவின் கீழ் இரண்டு பாகங்கள் கொண்ட சான்றிதழ் வேண்டும். இதையெல்லாம் தொடாத பாடத்திட்டம் பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமின் சான்றிதழுக்கு அதிக மதிப்புக் கொடுக்காதீர்கள். தொடர் கல்வி இங்கே வக்கீல்களுக்குக் கட்டாயமில்லை. அதைக் காட்டி எந்தச் சலுகையும் பெற முடியாது. 'குறுக்கு விசாரணை நிபுணர்' என்று போர்டில் போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு அமைப்பாளர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பார் கவுன்சிலின் 36ஆம் விதி அதைத் தடுக்கிறது. எந்த வகை வழக்கில் தேர்ந்தவர் என்று போர்டிலோ லெட்டர்ஹெட்டிலோ போடக்கூடாது.

எங்கே தேடுவது? வக்கீல் சங்க அறிவிப்புப் பலகை, ஸ்டேட் பார் கவுன்சில், தேசிய சட்டப் பள்ளியின் குறுகிய கால வகுப்புகள். இவற்றோடு பலரும் மறந்துபோகும் இன்னொரு இடம், இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அங்கே பேனலில் இருக்கும் வக்கீல்களுக்குப் பயிற்சி நடக்கும். சமரச மையத்துக்கான நாற்பது மணி நேரப் பயிற்சிக்கு உட்கார எப்போதாவது வாய்ப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பதை நான் அதில்தான் கற்றேன். குறுக்கு விசாரணைக்கு அது எவ்வளவு உதவியது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

பணமும் லீவும்

நகரங்களில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் தரவேண்டும் என்று அகில இந்திய பார் கவுன்சில் 2024இல் சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரைதான். கைக்கு அவ்வளவு வராத ஜூனியர்கள் ஏராளம் என்பது நமக்குத் தெரியும். அதனால் கட்டணச் சலுகை உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் தலைமுறை வக்கீல்களுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைக்கும் அமைப்பாளர்கள் உண்டு, கேட்காதவர்களுக்கு அது தெரிவதே இல்லை. கட்டணத்தில் அறையும் சாப்பாடும் சேர்த்தியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் வாங்கிப் போகாதீர்கள். இந்த வருடம் முடியாவிட்டால் அடுத்த வருடம் போகலாம்.

சீனியரிடம் கேட்கும்போது வெறும் கையோடு போய்க் கேட்காதீர்கள். அந்த நாட்களின் காஸ் லிஸ்ட்டை (வழக்குப் பட்டியலை) பார்த்து, எந்த வழக்கு எந்த ஹாலில், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "சார், ரெண்டாம் சனி ஞாயிறு. வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கிளம்பறேன். அன்னைக்கு மத்தியானம் நம்ம பக்கம் ரெண்டு மேட்டர் இருக்கு, ரெண்டையும் நம்ம ஆபீஸ் மேடம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை காலைல கோர்ட்ல இருப்பேன்." இப்படிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கோடை விடுமுறையில் நடக்கும் முகாமென்றால் இந்தச் சிக்கலே இல்லை.

போகுமுன் ஆறு வாரம்

முகாமில் கிடைப்பது நீங்கள் கொண்டுபோவதைப் பொறுத்தது. முடிந்துபோன ஒரு வழக்கின் காகிதக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சீனியரின் அனுமதி அவசியம். நடப்பு வழக்கு வேண்டவே வேண்டாம். கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது தொழில் மரியாதை மட்டுமில்லை, சட்டமும் அதுதான். புதிய சாட்சியச் சட்டத்தில் அது 132ஆம் பிரிவு. பெயர், ஊர், சர்வே எண் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்களைப் படம் எடுத்து முகாமின் குழுவில் போடாதீர்கள்.

பிறகு உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு ஜாமீன் மனுவை ஐந்து நிமிடம் வாதாடிக் கைப்பேசியில் பதிந்து, மறுநாள் கேளுங்கள். கேட்க மனது வராது. ஆனாலும் கேளுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் முதல் நாள் வீணாகாது.

நம்மவர்களுக்கென்று ஒரு வேலை இருக்கிறது, கன்னடம். ஸ்ரீராமபுரத்திலும் அலசூரிலும் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் கன்னடத்தை வெள்ளமாகப் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் தயங்குவார்கள். வாணியம்பாடி, கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர்களுக்குப் பேச்சும் தடுமாறும். இங்கே கீழ்க்கோர்ட்டுகளின் மொழி கன்னடம். எஃப்.ஐ.ஆர். கன்னடத்தில் வரும், மஹஜர் (சாட்சிகள் முன் போலீஸ் அந்த இடத்திலேயே எழுதும் பதிவு) கன்னடத்தில் வரும், சாட்சி வாக்குமூலமும் வரும். குறுக்கு விசாரணைக்கு அவர்கள் சொல்வது 'பாட்டி சவாலு'. நாம் போடும் கேள்விக்குச் சாட்சி ஒப்புக்கொண்டால் 'எந்தரெ சரி' என்றும், மறுத்தால் 'எந்தரெ சரியல்ல' என்றும் பதிவாகும். நம் ஊர் கோர்ட்டில் 'என்றால் சரிதான்', 'என்றால் சரியல்ல' என்று எழுதுவார்களே, அதே அச்சு. தினம் ஒரு பக்கம் வாக்குமூலம் படியுங்கள். ஆறு வாரத்தில் கண் பழகிவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

முகாமுக்குள்ளே

நல்ல முகாம்களில் பயிற்சியாளர் விமர்சிப்பதற்கென்று ஒரு முறை வைத்திருப்பார். ஆஸ்திரேலியாவில் நீதிபதியாக இருந்த ஜார்ஜ் ஹாம்பல் வகுத்தது, இங்கிலாந்திலும் இதை வைத்துத்தான் பழக்குகிறார்கள். ஆறு படிகள் கொண்டது. ஒரே ஒரு குறையைச் சொல்வது, நீங்கள் பேசியதை உங்களுக்கே வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்வது, அது ஏன் குறை என்று விளக்குவது, எப்படித் திருத்துவது என்று காட்டுவது, பயிற்சியாளரே செய்து காட்டுவது, கடைசியில் உங்களைத் திரும்பச் செய்ய வைப்பது. சொல்லக் கேட்டால் சாதாரணமாக இருக்கும். என் மேல் அது நடந்தபோது எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

என் முதல் முகாம். கொடுத்த வழக்கு செக் பவுன்ஸ். நான்கு லட்சம் ரூபாய் கைமாற்று, ரொக்கம், செக் திரும்பிவிட்டது. நான் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. மைசூர் ஜூனியர் ஒருவர் புகார்தாரராகக் கூண்டில் நின்றார். எழுந்த வேகத்தில் கேட்டேன்: "இவ்வளவு பெரிய தொகையை எப்படி ரொக்கமாகக் கொடுத்தீர்கள்?"

அவர் பிடித்துக்கொண்டார். மனைவியின் வளையலை அடகு வைத்ததாகவும், சீட்டை ஏலத்தில் எடுத்ததாகவும், என் கட்சிக்காரரின் பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்ததாகவும், அவர் வாசலில் வந்து அழுததாகவும் சொல்லிக்கொண்டே போனார். இரண்டு நிமிடத்தில் என் கட்சிக்காரர் நன்றி கெட்டவர் ஆகிவிட்டார். அந்தக் கதைக்கு வழி திறந்துவிட்டதே நான்தான்.

பயிற்சியாளர் நிறுத்தினார். என் கைகளைப் பற்றியோ, குரல் நடுங்கியதைப் பற்றியோ அவர் எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "கேள்விக்குள்ளே ஒரு உண்மைதான் இருக்கணும். அதுவும் நீங்க சொல்ற உண்மையா இருக்கணும்." குறித்து வைத்திருந்த என் கேள்வியை அப்படியே வாசித்தார். 'எப்படி' என்ற சொல்லில் பென்சிலை வைத்து, சாட்சி உள்ளே வந்தது இந்த வழியாகத்தான் என்றார். பிறகு அவரே நின்று காட்டினார். அடுத்து நான்.

"சிக்பேட்டையில் உங்களுக்குத் துணிக்கடை." ஆமாம். "நான்கு லட்சமும் ரொக்கம்." ஆமாம். "ரசீது எழுதி வாங்கவில்லை." இல்லை. "பேங்கிலிருந்து எடுத்த பணம் இல்லை." இல்லை. "அந்த வருட வருமான வரிக் கணக்கில் இந்தக் கடனைக் காட்டவில்லை."

காட்டவில்லை என்றார்.

ஏன் காட்டவில்லை என்று கேட்க நாக்கு துடித்தது. பயிற்சியாளர் கையால் சைகை காட்டினார், உட்கார்ந்துவிட்டேன். செக் வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 139ஆம் பிரிவின் அனுமானம் புகார்தாரர் பக்கம் நிற்கும். கடன் இருந்தது என்பதையும் அந்த அனுமானம் உள்ளடக்கும் என்று 2010இல் ரங்கப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதை உடைக்கக் குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேற வேண்டியதில்லை, புகார்தாரரின் வாயிலிருந்தே சந்தேகத்தை வரவழைக்கலாம். அவ்வளவு பணம் கொடுக்கும் வசதி அவருக்கு இருந்ததா என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை 2019இல் பசலிங்கப்பா வழக்கு காட்டியது. இரண்டுமே நம் கர்நாடகத்திலிருந்து போன வழக்குகள். தீர்ப்புகளாக இரண்டையும் படித்திருந்தேன். ஐந்து ஒற்றை வரிக் கேள்விகளாக அவை எப்படி மாறும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தச் சின்னக் கேள்விகளால் இங்கே இன்னொரு பயனும் உண்டு. நம் கோர்ட்டில் கேள்வி பெரும்பாலும் பதிவாவதில்லை. பதிலை நீதிபதி ஒரு தொடர் கதையாகச் சொல்லி எழுத வைப்பார். இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்டால் 'எந்தரெ சரி' எதற்கு என்பது அப்பீலில் யாருக்கும் புரியாது. ஒன்றைக் கேட்டால் ஒரு வரி பதிவாகும். டைப் ஆகும்போது அந்தத் திரையையோ, எழுதச் சொல்லும் குரலையோ கவனியுங்கள். மாறி எழுதினால் அப்போதே பணிவாகச் சொல்லுங்கள். முக்கியமான கேள்வியென்றால் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதியும்படி கேட்க சிவில் நடைமுறைச் சட்டம் 18ஆம் உத்தரவு 10ஆம் விதி இடம் தருகிறது.

முகாமில் வீடியோ எடுப்பார்கள். தனியாக உட்கார்ந்து பாருங்கள். சத்தத்தோடு பார்த்த பிறகு, சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறையும் பாருங்கள். பேனாவைத் தட்டுவது, கவுனை இழுத்துவிடுவது எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

சாட்சி வேடம் கொடுத்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். கூண்டில் நின்று பார்க்காத வக்கீலுக்குச் சாட்சியின் பயம் தெரியாது.

இரவுச் சாப்பாடு

லண்டனில் பாரிஸ்டர் ஆகப் படிப்பவர்கள் தங்கள் 'இன்' எனப்படும் வக்கீல் சங்கத்தில் மூத்தவர்களோடு சேர்ந்து உண்பதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். அதன் அருமை தங்கும் முகாமில் புரியும். பகலில் 'சார்' ஆக இருந்தவர் ராத்திரி மோர் சாதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, தான் தோற்ற வழக்கைப் பற்றிச் சொல்வார். ஜெயித்த கதைகளைக் கேட்காதீர்கள், அவை எப்படியும் வரும். ஃபீஸ் எப்படிக் கேட்பீர்கள், பொய் சொல்லும் கட்சிக்காரரை எப்படி அனுப்புவீர்கள், நீதிபதி கோபித்துக்கொண்ட மறுநாள் அதே ஹாலுக்கு எப்படிப் போனீர்கள் என்று கேளுங்கள்.

பெண் ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. பதியும் முன்பே கேளுங்கள்: பயிற்சியாளர்களில் பெண்கள் எத்தனை பேர், அறை யாரோடு, இரவில் ஏதாவது என்றால் யாரைக் கூப்பிடுவது, புகார்க் குழு இருக்கிறதா. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் வருடச் சட்டம் வந்த பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தயங்க வேண்டியதே இல்லை. ஒரு முகாமில் இதைக் கேட்டதற்கு, "நாங்க எல்லாம் ஒரே குடும்பம் மாதிரிம்மா" என்று மட்டும் பதில் வந்தது. நான் போகவில்லை. ஒரு மூத்தவர் வழிகாட்டுதலைத் தன் அறையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால், சாப்பாட்டுக் கூடத்திலேயே பேசலாம் சார் என்று சொல்லுங்கள். நல்லவர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு

திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வாய்தா வாங்குவது, ஆர்டர் ஷீட் பார்ப்பது, சர்டிஃபைடு காப்பிக்கு அலைவது. முகாமில் கிடைத்தது இரண்டு வாரத்தில் கரைந்துவிடும், பிடித்து வைத்தால் மட்டுமே நிற்கும். அதனால் அந்த வாரமே சீனியரிடம் ஒரு சின்ன சாட்சியைக் கேளுங்கள். மஹஜர் சாட்சியோ, ஆவணத்தை மார்க் பண்ண மட்டும் வரும் சாட்சியோ போதும். கேள்விகளை எழுதிக் காட்டுங்கள். எழுதியதைப் பார்த்துத்தான் சீனியர்கள் நம்புவார்கள். வழக்கே கிடைக்கவில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேருங்கள். 2022இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) கொண்டுவந்த சட்ட உதவிப் பாதுகாப்பு வக்கீல் அமைப்பில் புதியவர்களுக்கும் உதவி நிலையில் இடமுண்டு. அங்கே உங்கள் கையில் வருவது உண்மையான கிரிமினல் வழக்கு, எதிரே நிற்பது உண்மையான மனிதர்.

நீதிபதித் தேர்வு எழுத நினைப்பவர்கள் தினமும் ஆஜரான வழக்குகளைத் தேதி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிவில் நீதிபதிக்கு மூன்று வருடப் பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரியோ, அவருடைய மேலொப்பத்தோடு பத்து வருட அனுபவமுள்ள வக்கீல் ஒருவரோ அதற்குச் சான்று தரவேண்டும். நோட்டு இருந்தால் சான்று தருகிறவருக்கும் எளிது.

முகாமில் கிடைக்கும் வழிகாட்டி உங்கள் சீனியருக்கு மாற்று அல்ல. சீனியரின் வழக்குகளைப் பற்றி அந்த வழிகாட்டியிடம் பேசாதீர்கள், அவரிடம் வழக்கும் கேட்காதீர்கள். பொதுவாக "வழிகாட்டுங்க சார்" என்றால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. இப்படிக் கேளுங்கள்: "சார், பத்து கேள்வி எழுதியிருக்கேன். எந்த ரெண்டை எடுத்துடலாம்னு மட்டும் சொல்லுங்க." இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடம் யாரும் தருவார்கள். கோர்ட் நேரத்தில் அழைக்காதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், ஆனால் ஆபீசில் கட்சிக்காரர்கள் வந்து உட்காரும் ஏழு மணிக்கு முன்னால். முதல் முறை எடுக்கவில்லையென்றால் கேள்விகளைச் செய்தியாக அனுப்பிவிட்டு ஒரு வாரம் பொறுத்து மறுபடி அழையுங்கள். அந்த ஓசூர் தம்பி இரண்டு முறை அழைத்தார், மூன்றாவது முறை வழிகாட்டியே திருப்பி அழைத்தாராம்.